குழந்தைகள் வார்டுத் தாத்தா

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து 'மடக்'கென்று முறிந்தது.

அடுத்த நொடி, அதன் மேல் உட்கார்ந்திருந்தவன் தரையில் கிடந்தான். நீளமான கால்கள் இரண்டும் கூரையைப் பார்க்க, தாடி வைத்த முகம் ஒன்று மேஜைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது.

"அடி பட்டுச்சா கண்ணு?" டாக்டரம்மா பதறி எழுந்தார்.

"எனக்கில்ல டாக்டரம்மா. ஒட்டகச்சிவிங்கிக்குத்தான்."

அந்தக் 'கண்ணு'வுக்கு வயது பத்தொன்பது. குழந்தைகள் ஆஸ்பத்திரியின் பொம்மை நாற்காலிகளில் உட்காரும் வயதைத் தாண்டி எவ்வளவோ காலமாகிவிட்டது. அந்த வார்டிலேயே மூத்த நோயாளி என்பதால் வாண்டுகள் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் 'தாத்தா'. நர்சுகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கேஸ் கட்டின் மேலேயே யாரோ பென்சிலால் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள்.

பக்கத்தில் நின்ற நர்ஸ், ஒட்டகச்சிவிங்கி நாற்காலியின் இரண்டு துண்டுகளையும் கையில் எடுத்தாள். பிறவி நோயோடு வளர்ந்த பிள்ளைகளை, வயது வந்ததும் பெரியவர்கள் ஆஸ்பத்திரிக்குக் குடிமாற்றி வைப்பது அவள் வேலை. அங்கே போய்த் திணறாமல் இருக்க, இரண்டு வருடம் முன்னாலிருந்தே பயிற்சி கொடுப்பாள். ஒரு வீட்டைக் காலி செய்து இன்னொரு வீட்டில் குடிவைப்பதால் அவளுக்கு 'புரோக்கர்' என்று பெயர். கமிஷன்தான் கிடையாது.

இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று புரோக்கருக்குப் பட்டது.

"பாருங்க டாக்டரம்மா, நாற்காலியே சொல்லிடுச்சு. இவன் இனிமே இங்க உக்காரக் கூடாதுன்னு."

"ஆமா, ஆமா" என்று டாக்டரம்மா தலையாட்டினார். "ஸ்டோர்ல சொல்லி நல்ல பெரிய நாற்காலியா ஒண்ணு வாங்கிப் போடு."

புரோக்கர் ஒட்டகச்சிவிங்கியின் தலையைப் பார்த்தாள். அதுவும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தது.

தாத்தாவுக்கு இருப்பது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். அதை ஒரே மூச்சில் விளக்க அவனுக்குப் பயிற்சி கொடுத்திருந்தாள் புரோக்கர். யார் கேட்டாலும் ஒப்பிப்பான்: "உடம்புல உப்பும் தண்ணியும் போற வழி பிறவியிலயே சரியில்ல. அதனால சளி பசை மாதிரி கெட்டியாகி நுரையீரல அடைக்குது. காலைல ஒரு தடவ, சாயந்திரம் ஒரு தடவ நெபுலைசர் வச்சு உப்புத்தண்ணி ஆவி பிடிச்சு, நெஞ்சுக்குப் பயிற்சி பண்ணி, சளிய வெளியேத்தணும். சாப்பாட்ட செரிக்க வைக்கிற வழியும் அடைச்சிருக்கு. அதான் சாப்பிடறப்ப கேப்சூல். தொத்து நோய் இல்ல. நீங்க தைரியமா கை கொடுக்கலாம்."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நேரம் வாங்குவது, மருந்து தீருமுன் கேட்டு வாங்குவது, காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அடுத்த திங்கட்கிழமை வேறு ஊரில் ஒலிப்பதிவுப் படிப்பில் சேர வேண்டும். ஹாஸ்டலில் கட்டில்கூட ஒதுக்கியாகிவிட்டது. அந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்கென்றே ஒரு டாக்டரும் இருக்கிறார்.

அவனுடைய அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். "அந்த ஊர் டாக்டர் 'இனிமே இவன் என் பொறுப்பு'ன்னு சொல்லணும். சொன்னா பெட்டி கட்டுவேன். சொல்லலேன்னா ஹாஸ்டல் கட்டில்ல வேற எவனாவது படுத்துக்கட்டும்."

நியாயமான நிபந்தனை. அந்த ஊர் டாக்டரும் தயார். டாக்டரம்மாவும் அவரும் தாத்தாவும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசி, டாக்டரம்மா "சரி" என்றால் முடிந்தது வேலை.

அந்தச் "சரி"தான் வரவில்லை.

முதல் தடவை சந்திப்புக்கு நாள் குறித்தபோது, தாத்தாவுக்கு மூக்கு ஒழுகுகிறது என்று ரத்து செய்தார் டாக்டரம்மா. இரண்டாவது தடவை, வெயில் அதிகம் என்றார். இப்போது மூன்றாவது தடவையாக இந்த வெள்ளிக்கிழமை.

"எழுதிக்கோ, வெள்ளிக்கிழமையும் நடக்காது" என்றார் டாக்டரம்மா, அன்று மதியம் புரோக்கரிடம். "நுரையீரல் பலம் பார்க்க அவன் ஊதுற மெஷினோட கோட்டுப் படத்தப் பார்த்தியா? ஒரு வருஷமா சறுக்குமரம் மாதிரி இறங்குது. ரெண்டு தடவ மருந்த மாத்திட்டேன், நிக்கல. காரணமே தெரியாம எப்படி அனுப்பறது?"

இது வெயில் மாதிரி இல்லை. நிஜமான கேள்வி.

"அந்த ஊர் டாக்டர் கண்டுபிடிப்பாரோ என்னமோ" என்றாள் புரோக்கர்.

"அவனா?" டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அவன் என்கிட்ட ட்ரெயினிங்ல இருந்தவன்டி. ரவுண்ட்ஸ் போறப்ப சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டே தூங்குவான். அவன்கிட்டயா என் பையனக் கொடுக்கறது?"

என் பையன். டாக்டரம்மாவுக்கு அவன் வெறும் நோயாளி அல்ல, விளம்பரப் பலகை. இந்த நோய் என்று தெரிந்து அழுதுகொண்டு வரும் புதுப் பெற்றோரை நேரே அவன் இருக்கும் அறைக்குக் கூட்டிப்போவார். "பாருங்க, இவன் ஒரு வேள கூட நெபுலைசர் தவறினதில்ல. எப்படி இருக்கான் பாருங்க, கம்பம் மாதிரி!" கம்பம் வெட்கத்தோடு சிரிக்கும். பெற்றோர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இந்த நோய்க்காரர்கள் ஒருவருக்கொருவர் கிருமி பரிமாறிக்கொள்ளக் கூடாது என்பதால் குழந்தைகளை அவன் பக்கம் விடமாட்டார்கள். அவை கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று, 'தாத்தா' என்று வாயசைத்து, மோவாயில் தாடி இழுத்துக் காட்டும்.

வெள்ளிக்கிழமை வந்தது. யாருக்கும் மூக்கு ஒழுகவில்லை. வெயிலும் இல்லை. தப்பிக்க வழி தெரியாமல் டாக்டரம்மா தன் அறையில் உட்கார்ந்திருந்தார்.

வாசலில் தாத்தாவின் அம்மா. டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அரை நாள் லீவு போட்டு, வேலை உடையோடேயே வந்து, வெளியே இருந்த பெஞ்சில் அமர்ந்துவிட்டார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த ஊர் டாக்டர் ரயில் பயணக் களைப்போடு உள்ளே நுழைந்தார். நெடுநெடுவென்று ஆள். பாதி மூடிய கண்கள்.

"வணக்கம் மேடம்."

"வாப்பா. முழிச்சிட்டுதான் வந்தியா?"

அவர் சிரித்துக்கொண்டே தாத்தாவின் பக்கம் திரும்பினார். "வணக்கம். நீங்க எப்படி இருக்கீங்க?"

தாத்தா பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. கரடி படம் போட்ட சுவர்தான் இருந்தது. 'நீங்க' தான்தான் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நான்... நல்லா..."

"நல்லாத்தான் இருக்கான்" என்றார் டாக்டரம்மா. "போன மாசம் கொஞ்சம் இருமல் ஜாஸ்தி."

"சளி என்ன கலர்ல வருது?" டாக்டர் தாத்தாவைத்தான் கேட்டார்.

"லேசா மஞ்சள்" என்றார் டாக்டரம்மா.

"பசி எப்படி இருக்கு?"

"காலைல சரியா சாப்பிட மாட்டான். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்."

புரோக்கர் மூலையில் நின்று பல்லைக் கடித்தாள். இரண்டு வருடப் பயிற்சி! ஒவ்வொரு பதிலும் பையன் வாய் வரைக்கும் வருகிறது. வந்த வேகத்தில் உள்ளே போகிறது. அவன் காது மடல் சிவந்திருந்தது.

"சாயந்திர நெபுலைசர்?" என்றார் டாக்டர்.

"அதுல இவன அடிச்சுக்க ஆளே கிடையாது!" டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு வேள கூட..."

"டாக்டரம்மா."

தாத்தாவின் குரல்தான். உடைந்து, பாதியில் கீச்சென்று போய், மறுபடி தடிமனாகி வந்தது.

"என்ன கண்ணு?"

"கொஞ்ச நேரம்... நீங்க வெளில இருக்கீங்களா?"



புரோக்கர் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த ஆஸ்பத்திரியில் யாரும் டாக்டரம்மாவை ஒரு அறையிலிருந்து வெளியே அனுப்பியதில்லை. அவர்தான் மற்றவர்களை அனுப்புவார். பிள்ளைக்குப் பதிமூன்று வயதாகிவிட்டால், பரிசோதனையின் முதல் பாதி அது டாக்டரோடு தனியாகத்தான் பேச வேண்டும், பெற்றவர்கள் வெளியே. அவரே போட்ட சட்டம். தொப்பியோடு வந்த ஒரு போலீஸ் அதிகாரியையே "தொப்பி வேணா இங்க இருக்கட்டும், நீங்க வெளிய போங்க" என்று அனுப்பியவர்.

"நானா?" என்றார் டாக்டரம்மா.

"உங்க சட்டம்தானே டாக்டரம்மா" என்றான் தாத்தா, தரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டரம்மா எழுந்தார். கண்ணாடியை மறந்தார். திரும்பி வந்து எடுத்தார். பேனாவை மறந்தார். அதை எடுக்க மறுபடி வந்தபோது, புரோக்கர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு வழியில்லாமல் வெளியே போனார்.

பெஞ்சிலிருந்த கண்டக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன டாக்டரம்மா, பாதி வழியிலயே இறக்கி விட்டுட்டானா?"

"இல்லையே. நானாதான் வந்தேன்."

"நாங்க இறக்கி விடறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. உக்காருங்க. அந்த ஓரம் வேணாம், ஏசி தண்ணி சொட்டும். இப்படி வாங்க."

டாக்டரம்மா உட்கார்ந்தார். முப்பது வருடமாக அதே வராந்தாவில் நடக்கிறார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. அது ஒரு பக்கம் ஆடியது. பிறகு மெதுவாகத் தலையைக் கதவுப் பக்கம் சாய்த்தார்.

"கேக்காது" என்றார் கண்டக்டரம்மா, முன்னால் பார்த்தபடியே. "நான் எல்லாம் பண்ணிப் பார்த்தாச்சு. ஸ்டீல் டம்ளர் கொண்டாந்து கதவுல வச்சுக்கூடக் கேட்டேன்."

"டம்ளரா?"

"ஒரு மண்ணும் கேக்கல. நல்ல கெட்டிக் கதவு."

"நான்தான் ஆர்டர் போட்டு வாங்கினேன்" என்றார் டாக்டரம்மா சோகமாக.

"வாங்கினப்ப நல்லாத்தான் இருந்திருக்கும்."

உள்ளே நிலைமை வேறு மாதிரி இருந்தது. தாத்தா ஜன்னலைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். கரடியைப் பார்த்தான். புது டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, அவசரமே இல்லாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

"சாயந்திர நெபுலைசர் போடறதில்ல சார்" என்றான் தாத்தா.

மூலையில் நின்ற புரோக்கருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும். சாயந்திரம் ஒரு ரிக்கார்டிங் கூடத்துல எடுபிடி வேலைக்குப் போறேன். அங்கதான் தொழில் கத்துக்கிட்டேன். முடிஞ்சு வீட்டுக்கு வந்தா கண்ணு சொருகுது. காலைல ஒழுங்காப் போடறேன், சத்தியமா. சாயந்திரம்தான்..."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாவுக்கு அந்த நேரம் ட்யூட்டி. அவங்க போன் பண்ணா, நெபுலைசர ஓட விட்டுட்டேன்னு சத்தம் காட்டுவேன். சத்தம் மட்டும் ரிக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன்."

டாக்டரின் பாதி மூடிய கண்கள் முதல் தடவையாக முழுசாகத் திறந்தன. "நல்ல ரிக்கார்டிங்கா?"

"இரைச்சலே இல்லாம இருக்கும் சார்."

"சரி. படிப்புக்கு ஆள் தயார்." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இப்ப நம்ம வேலையப் பார்ப்போம். உங்களுக்கு வகுப்பு எப்ப முடியும்?"

"மூணு மணிக்கு."

"ஹாஸ்டலுக்கு வந்ததும் முதல் வேலையா நெபுலைசர். அப்புறம் எங்க வேணா போங்க. தூக்கம் வர்ற நேரத்துல எவனாலயும் செய்ய முடியாது, என்னாலயும் முடியாது. ஒரு மாசம் கழிச்சு வந்து ஊதிக் காட்டுங்க. இறங்கினது முழுசும் திரும்ப வரும்னு நான் சொல்ல மாட்டேன். கொஞ்சமாவது வரும்னு நினைக்கிறேன். தவறினா தவறினேன்னு சொல்லுங்க, திட்ட மாட்டேன். பொய் சொன்னா மருந்த மாத்திடுவேன், அது உங்களுக்குத்தான் கஷ்டம்."

தாத்தா தலையாட்டினான். பிறகு தன் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதை எல்லாம் தானே ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தான். அவன் தோள்கள் ஒரு அங்குலம் கீழே இறங்கியதைப் புரோக்கர் பார்த்தாள்.

"மேடம்கிட்ட நெபுலைசர் விஷயத்த யார் சொல்றது?" என்றார் டாக்டர்.

புரோக்கர் முன்னால் வந்தாள். "நான் சொல்லட்டுமா?"

"வேணாங்க்கா" என்றான் தாத்தா. "நானே சொல்றேன். நீங்க கதவ மட்டும் திறந்து வைங்க, ஓட வசதியா இருக்கும்."

வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். தாத்தா அவர்கள் முன்னால் போய் நின்று, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னான். ரிக்கார்ட் செய்த சத்தத்தைக்கூட விடவில்லை.

"அடப்பாவி!" என்றார் கண்டக்டரம்மா. "சத்தத்தக் கேட்டுட்டு 'சாமர்த்தியப் புள்ள'ன்னு டிப்போ பூரா சொல்லி வச்சிருக்கேன்டா."

டாக்டரம்மா எழுந்தார். "ரெண்டு தடவ மருந்து மாத்தினேன். உங்க வீட்டுச் சுவத்துல பூஞ்சை இருக்கும்னு ஆள் அனுப்பித் தட்டிப் பார்த்தேன்."

"அந்த ஆள் நகர்த்தின பீரோ இன்னும் ஹால்லதான் நிக்குது" என்றார் கண்டக்டரம்மா.

"நீங்க சும்மா இருங்கம்மா. ஏன்டா, ஒரு வருஷம்! என்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் தோணலயா?"

"எப்படிச் சொல்றது டாக்டரம்மா?" தாத்தாவின் குரல் மறுபடியும் கீச்சிட்டது. "கைக்குழந்தையோட அழுதுட்டு வர்றவங்கள எல்லாம் என்கிட்டதான் கூட்டிட்டு வருவீங்க. ஒரு வேள கூடத் தவறினதில்லன்னு சொல்வீங்க. அவங்க என்னப் பார்த்துதான் கண்ணத் துடைச்சுப்பாங்க. அப்ப நான் போய், சாயந்திரம் தூங்கிடறேன்னு சொல்லவா? உங்க முகத்தப் பார்த்துட்டு என்னால சொல்ல முடியாது."

டாக்டரம்மா ஒரு வருடமாகக் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவருடைய குரலிலேயே இருந்திருக்கிறது. ஆடும் பெஞ்சில் மறுபடியும் உட்கார்ந்தார். கண்டக்டரம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

பாதி பாட்டில் காலியானது.

"அவன்கிட்ட மட்டும் எப்படிச் சொன்ன? பார்த்து அரை மணி நேரம் ஆகல."

"அவர் முகத்துல ஒண்ணுமே தெரியல டாக்டரம்மா."

"தூங்கிட்டு இருந்திருப்பான்."

"இல்ல மேடம்" என்றார் டாக்டர், கதவோரத்திலிருந்து.

டாக்டரம்மா மூக்கை உறிஞ்சினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு ரவுண்ட்ஸில் பேசும் குரலில் ஆரம்பித்தார்.

"கேட்டுக்கோப்பா. இவனுக்கு ஊசின்னா பயம், வெளில காட்ட மாட்டான். நாக்குல கசப்பு மருந்து பட்டா..."

"சொல்லிட்டார் மேடம்."

"வெயில் நாள்ல உப்பு கூடுதலா..."

"அதையும் சொல்லிட்டார்."

"நல்லா இருக்கேன்னு சொன்னா நம்பக் கூடாது!"

"அதத்தான் முதல்ல சொன்னார்."

டாக்டரம்மா தாத்தாவைப் பார்த்தார். சொல்ல இன்னும் என்னென்னவோ இருந்தது. பத்தொன்பது வருடம் இருந்தது. அதையெல்லாம் அவன் ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போய்விட்டான் போலிருந்தது.

"சரி" என்றார்.

அவ்வளவுதான். இத்தனை நாளாக வராத வார்த்தை, வராந்தாவில், பெஞ்சில் உட்கார்ந்தபடி வந்தது. புது டாக்டர் கண்டக்டரம்மாவின் பக்கம் திரும்பி, "இனிமே இவர் என் பொறுப்பும்மா" என்றார். கண்டக்டரம்மா மகனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "போடா, ஏறு. பெட்டி கட்டணும். கட்டறதுக்கு முன்னாடி அந்த பீரோவத் தள்ளி வச்சிட்டுப் போ."

அவர்கள் மாடிப்படி இறங்கும் சத்தம் அடங்கும் வரை டாக்டரம்மா அசையவில்லை. கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இரண்டு வாண்டுகள் படிப் பக்கமே பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தன.

புரோக்கர் மெதுவாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமினாள்.

"அடுத்து அந்த நாலாம் நம்பர் ரூம் பொண்ணு டாக்டரம்மா. பயிற்சிய ஆரம்பிச்சிரலாமா?"

"யாரு, அவளா?" டாக்டரம்மா அதிர்ந்து திரும்பினார். "பச்சக் குழந்தைடி! இப்பத்தான் அவளுக்குப் பல் முளைக்குது, ஈறு வலிக்குதுன்னு போன வாரம் அழுதாளே!"

"அது ஞானப்பல், டாக்டரம்மா."